பாதிக்குப் பாதி மாத்திரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மக்கா. பாயை இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு கதை சொல்லுதேன். தூக்கத்தைப் பற்றின கதைதான், ஆனால் நடுவில் கண்ணசந்து விடாதீர்கள். கடைசியில் உங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூல் மில். அதில் வடிவம்மாள் என்று ஒருத்தி. நூல் சுற்றி ஓடுகிற கதிரில் இழை அறுந்தால் விரலால் எடுத்து ஒட்ட வேண்டும், அதுதான் அவள் வேலை. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், எப்போது தூங்க வேண்டும் என்பதே அவள் உடம்புக்கு மறந்து போயிற்று. படுத்தால் கண் மூடாது. மெஷின் முன்னால் நின்றால் இமை தானாக இறங்கும். அப்படி ஒரு நாள் இறங்கினபோது சேலை முந்தி சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் பெருமாள்ராஜ் ஓடிவந்து நிறுத்தியதால் கை தப்பியது.

"யக்கா, இந்தத் தடவை நான் மேல சொல்லலை," என்றான் அவன். "இன்னொரு தடவை தூங்கி விழுந்தியன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவ. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்கிடுங்க."

வேலை போனால் அடுப்பு எரியாது. புருஷன் இல்லை. மகள் சுகன்யா ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வடிவம்மாளுக்கு எப்படியாவது தூங்கியாக வேண்டும்.

ஒரே சுவரைப் பங்குபோட்ட பக்கத்து வீடு சாரம்மாளுடையது. பால்வாடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் தவறினதிலிருந்து அவளுக்கும் தூக்கம் இல்லை. இந்த இரண்டு வீட்டிலும் எது வந்தாலும் பாதிக்குப் பாதி. பலாப்பழம் அறுத்தாலும் பாதி, கிறிஸ்துமஸ் கேக்கானாலும் பாதி. வெளியே போனால் சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் தூக்கம் வராதவர்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். ரீபா என்ற நர்ஸ் பிள்ளை உட்காரவைத்து விளக்கினாள்.

"பாதிப் பேருக்கு நிசமான மருந்து. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும், ஆனா உள்ள மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். விருப்பமில்லைன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்."

"குடுக்கவளுக்கே தெரியாதாக்கும்?" என்றாள் வடிவம்மாள். "சமைச்சவளே சோத்துல உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியாதுங்கா பாரு, அது மாதிரில்லா இருக்கு."

ரீபா சிரித்துவிட்டு ஆளுக்கொரு டப்பாவை நீட்டினாள். "நீங்களும் சரி, ஆன்ட்டியும் சரி, இதைக் கைமாத்தக் கூடாது. சளிக்கோ காய்ச்சலுக்கோ வேற மாத்திரை போடுதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் அடிங்க."

சாரம்மாள் மட்டும் ஆன்ட்டியா? வடிவம்மாளுக்குச் சுருக்கென்றது. வெளியே வரும்போது சாரம்மாள், "ஸ்தோத்திரம்மா, அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு," என்றாள். ரீபாவின் அம்மா சாரம்மாளோடு ஒரே சபைக்குப் போகிறவளாம். பஸ்ஸில் வடிவம்மாள் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாளில் சந்தேகம் வளர்ந்துவிட்டது. குழாயடிக்கு எப்போதும் முதல் ஆளாக வருகிற சாரம்மாள், இப்போது கன்னத்தில் தலையணை மடிப்போடு பைய நடந்து வந்தாள்.

"ஏளா வடிவு, நல்லாத் தூங்குனேம்ளா. உனக்கு?"

"எனக்கென்ன, ராணி மாதிரி தூங்குதேன்," என்று பொய் சொன்னாள் வடிவம்மாள். படுத்தால் அவள் காது தானாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் குறட்டை கேட்டால் வயிறு எரியும், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று யோசனை ஓடும். கம்ப்யூட்டராம், பிரிச்சுதாம். தன் சபைக்காரிக்கு நல்லதை எடுத்து வைத்துவிட்டு, நமக்கு மாவு உருண்டையைத் தந்திருக்கிறாள் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு சாரம்மாள் கோயிலுக்குப் போனாள். வடிவம்மாள் தன் டப்பாவோடு போய் அந்தக் கதவைத் திறந்தாள். பைபிளுக்குப் பக்கத்தில் டப்பா இருந்தது. அவளுடையதில் பாதியையும் தன்னுடையதில் பாதியையும் எடுத்து இடம் மாற்றிப் போட்டாள். திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பலாப்பழத்தைப் போலப் பங்குதானே? அப்படியும், டப்பாவை முன்பிருந்த இடத்திலேயே அச்சுப் பிசகாமல் வைத்தாள்.

அன்றைக்குத் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். பெருமாள்ராஜ் பார்த்துவிட்டு, "என்னக்கா, மொகம் தெளிஞ்சிருக்கு," என்றான். பாத்தியா, நான் நினைச்சது சரியாப் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே சாரம்மாளுக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டாள். மறுநாள் குடத்தோடு வந்தவள் குழாயடியில் சரிந்தாள். எழுப்பினால் நாக்குக் குழறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் வடிவம்மாள்.

மருந்துச் சோதனையில் இருப்பதை வடிவம்மாள் சொல்ல, அங்கிருந்த டாக்டர் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டார். இந்த மாதிரி அவசரத்துக்கு மட்டும் யாருக்கு எது போனது என்று திறந்து பார்க்கலாமாம். பார்த்தார்கள்.

"அந்தம்மாவுக்குக் குடுத்தது வெறும் மாத்திரைதான், அதனால மயக்கம் வராது," என்றார் டாக்டர். "அப்போ மூளையில அடைப்பாத்தான் இருக்கணும். உடனே ஸ்கேன் எடுக்கணும், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி தேவைப்படலாம். ஆனா அதுல ஆபத்தும் உண்டு. சொந்தக்காரங்க யாரு?"

வடிவம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சாரம்மாளுக்கு வெறும் மாத்திரை என்றால், மருந்துள்ளது தன்னுடையதுதானோ? அதில் பாதியை அல்லவா அவள் டப்பாவில் போட்டிருக்கிறோம்? சொன்னால் டப்பாவைப் பிடுங்கிக்கொள்வார்கள். தூக்கம் போகும், பின்னாலேயே வேலையும் போகும். சொல்லாவிட்டால், மூளையில் இல்லாத அடைப்புக்கு ஊசி ஏறும்.

கட்டிலைப் பார்த்தாள். சாரம்மாளின் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் அழியவில்லை.

"சாமி, கொஞ்சம் பொறுங்க," என்றாள். "அவ டப்பாவுல பாதி என்னோடது. நாந்தான் மாத்தி வச்சேன். நேத்து சளி மாத்திரையும் போட்டிருக்கா."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் ஒன்றும் இல்லை. ஊசி போடவில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்து செய்த மயக்கம் சாயங்காலத்துக்குள் தெளிந்தது.

டப்பாக்களை வாங்கிப் போக ரீபா வந்தாள். சுவரில் காதை வைத்துக் கிடந்தது முதல் எல்லாவற்றையும் வடிவம்மாள் அவளிடம் கொட்டினாள்.

"நெசமாவே உனக்குத் தெரியாதாட்டி?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

"தெரியாதுன்னுதானம்மா அன்னைக்கே சொன்னேன்," என்றாள் ரீபா. குரலில் சலிப்பு இருந்தது. "இப்பத்தான் திறந்து பாத்தாவ, உங்களுக்குத்தான் முதல்ல இருந்தே நிச மருந்து. இனிமே ரெண்டு பேரும் இந்தச் சோதனையில இருக்க முடியாது. தூக்கத்துக்கு மாத்திரை இல்லாம செய்யக்கூடியது இருக்கு, அதைச் சொல்லித் தாரேன். முதல்ல அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் படுங்க."

மறுநாள் வடிவம்மாள் தானே போய் பெருமாள்ராஜிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, "சம்பளம் கொறையும், பரவாயில்லையா?" என்று கேட்டு, மெஷின் இல்லாத பேக்கிங் பக்கம், பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். கதவு தட்டப்பட்டது. சாரம்மாள் சாவியை நீட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் வடிவம்மாள், இன்னும் சந்தேகத்தோடு.

"கோயிலுக்குப் போவுதேன், வேற எதுக்கு? கேட்டிருந்தா முழு டப்பாவையும் தந்திருப்பேனே, கோட்டிக்காரி. கொழம்பு மூடி வச்சிருக்கேன், பாதியை எடுத்துக்கோ. பாதிதான், அளந்து வச்சிருக்கேன்."

அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் வடிவம்மாள் வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே போய் சுவரை விட்டுத் தள்ளிப் பாயை விரித்தாள். கோயில் விட்டு வந்து சாரம்மாள் எத்தனை தட்டியும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் வடிவம்மாள். பூட்டின தன் வீட்டு வாசலில் சாரம்மாள் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள், அதற்குமேல் எழுப்பவில்லை.

அவ்வளவுதான் மக்கா. உங்கள் வீட்டில் தலை சாய்க்கிற அத்தனை பேருக்கும் கண் மூடின இடத்தில் தூக்கம் வரட்டும். உங்கள் சாவி பக்கத்து வீட்டு ஆணியிலும் அவர்கள் சாவி உங்கள் வீட்டு ஆணியிலும் பயமில்லாமல் தொங்கட்டும். பிள்ளை குட்டியோடு நல்லா இருங்க.