மிக்சி புத்தகத்தில் செல்வலட்சுமியின் எண்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் கணினியில் பக்கம் அமைப்பவன் மாரிக்கண்ணன். புதிதாக வந்த ஒரு மிக்சி கம்பெனியின் விளக்கப் புத்தகம் அவன் கைக்கு வந்தது. வாடிக்கையாளர் சேவை எண் மட்டும் இன்னும் வரவில்லை. இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று மனைவி செல்வலட்சுமியின் எண்ணை அங்கே தட்டி வைத்தான். காலண்டர் சீசன் நெருக்கடியில் அதை மாற்ற மறந்தே போனான். பத்தாயிரம் புத்தகங்கள் லோடு ஏறிப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து, செல்வலட்சுமி வீட்டில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மிக்சி திடீர்னு நின்னுருச்சுங்க. வாங்கி நாலு நாள்தான் ஆகுது" என்றது ஒரு பெண் குரல். சேலத்திலிருந்து பேசுகிறாளாம்.

தவறான எண் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவள் வீட்டு மிக்சியும் மிளகாய் வத்தல் அரைக்கும்போது அப்படித்தான் நிற்கும்.

"பிளக்கப் பிடுங்கிட்டுத் தலைகீளாக் கவுத்துங்க. அடியில செவப்பா ஒரு பட்டன் இருக்கா? சூடு ஆறுன பெறகு அதை அமுக்கிட்டுப் போடுங்க. அம்புட்டையும் ஒரே தடவையா அள்ளிப் போடாதீக."

மாலைக்குள் இன்னும் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். எண் எங்கே கிடைத்தது என்று கடைசி ஆளிடம் கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கணவன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும் செல்வி. கொஞ்ச நாள் சமாளியேன்" என்றான் மாரிக்கண்ணன்.

"நீங்க பண்ணுன கோளாறுக்கு நான் ஊர் ஊரா மிக்சி பாக்கணுமாக்கும்."

சொன்னாளே தவிர, அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மனைவியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த ஒருவர், தேங்காய்ச் சட்னிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்டார். அவர் அரைத்து முடிக்கும்வரை லைனிலேயே இருந்தாள்.

மூன்றாவது வாரம் மிக்சி கம்பெனி மேனேஜரே கூப்பிட்டார். "எங்க புத்தகத்துல இருக்கிறது யார் நம்பர்?"

செல்வலட்சுமி உண்மையைச் சொல்லிவிட்டாள். "தப்பு எங்க வீட்டுக்காரரோடதுதான். ஆனா கூப்பிட்ட ஒருத்தரையும் பதில் சொல்லாம விட்டதில்ல."

மறுநாள் மாரிக்கண்ணன் முதலாளி சீனிவாசகத்திடம் தானே போய் ஒப்புக்கொண்டான். அரைமணி நேரம் திட்டிய பிறகு, விற்காத பெட்டிகளில் இருக்கும் புத்தகங்களுக்குச் சரியான எண்ணை ஸ்டிக்கராக அடித்து ஒட்டிவிட்டு வரச் சொன்னார் அவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மிக்சி கம்பெனியின் மதுரை குடோனில் கழிந்தன. வேலை தப்பியது.

மேனேஜர் இன்னொரு தடவை செல்வலட்சுமியைக் கூப்பிட்டார். "கூப்பிட்டவங்க அதிகமா எதைம்மா கேட்டாங்க?"

"மூணு ஜார்ல எது எதுக்குன்னுதான் பாதிப் பேருக்குக் கொளப்பம். லிட்டர் கணக்கு மட்டும் போட்டிருக்கீக. சட்னிக்கு எது, மசாலுக்கு எதுன்னு எங்கனயும் போடலையே."

அடுத்த பதிப்பில் அதற்கென்று தனியாக ஒரு பக்கம் சேர்த்தார்கள். மாரிக்கண்ணன் அச்சுக்கு முன்பே அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தான். செல்வலட்சுமி கையில் ஒட்டியிருந்த லேபிள் பசையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"எளுத்து இம்புட்டுச் சின்னதா இருந்தா வயசானவுக எப்படிப் படிப்பாக?"

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் முதல் வேலையாக எழுத்தைப் பெரிதாக்கினான்.