கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அன்றும் மாத்திரை ஈரமாக இருந்தது. ஓரம் கரைந்து, பாதி தேய்ந்து கிடந்ததை ரத்தினம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மழையில நனைஞ்சிருச்சு புள்ள. சட்டுனு முழுங்கு," என்றான் பரமசிவம்.

சுவா சூ காங் வட்டாரத்தில் மழை பெய்து பத்து நாளாகிறது. காய்ச்சல் மயக்கத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை, விழுங்கினாள்.

முறைக்காய்ச்சல் இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. பரமசிவம் கொசுவை ஒழிக்க வாய்க்கால்களில் எண்ணெய் தெளிக்கும் கூலியாள். மருந்தறையில் டிரெஸ்ஸர் மாத்திரை கொடுக்கும் கூலியாட்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. பெண்டாட்டிகளின் பெயரையும் சேர்க்க எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. கொசு என்ன, பட்டியல் பார்த்தா கடிக்கிறது? ஆஸ்பத்திரியோ பட்டணத்தில், அந்த நடுக்கத்தோடு அவளால் பஸ் ஏற முடியாது. "டிரெஸ்ஸர் உனக்கும் சேத்துத்தான் குடுக்கறாரு" என்று அவன் சொன்னதை நம்பி ஐந்து நாள் தின்றாள்.

அவள் எழுந்து நடமாடிய அன்று அவன் சாய்ந்தான். போர்வைக்கு மேல் சாக்கைப் போட்டும் கட்டில் ஆடியது. மழையே இல்லாமல் மாத்திரை எப்படி நனைந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் அந்தக் கொய்னா மாத்திரை நாக்கில் பட்டாலே கசப்பு குடலைப் புரட்டும். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்திருக்கிறான், பாவி மனுஷன்! ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, மருந்தறைக்கு ஓடினாள்.

"என் கண்ணு முன்னாடிதானம்மா முழுங்குனான்? தண்ணியும் குடிச்சான்லா!" என்றார் டிரெஸ்ஸர் யாக்கூப்.

"அவரு முழுங்கலய்யா. நான்தான் முழுங்கிட்டேன். வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க. உசுர மட்டும் காப்பாத்திக் குடுங்க."

யாக்கூப் பட்டியலை மூடினார். மாத்திரைப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நடம்மா," என்றார்.

வீட்டில் பரமசிவத்தைத் தூக்கி உட்காரவைத்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். அந்த நிலையிலும் அவன் கன்னம் ஒரு பக்கம் லேசாக உப்பியது. ரத்தினம்மா யாக்கூப்பின் முன் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடுங்கய்யா."

பட்டியலில் இல்லாத அந்தக் கையில் யாக்கூப் ஒரு மாத்திரையை வைத்தார்.

கணவன் பார்க்க அதை விழுங்கி, வாயை ஆவென்று திறந்து காட்டினாள். "பாருங்க, என்னுது போயிருச்சு. உங்களுது உங்களுக்குத்தான்."

பரமசிவம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை இறுக மூடினான். அவன் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.