நீலக் குறி போட்ட ஆடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்பு நன்றாக எரிகிறது. ஓர் ஆட்டை வைத்து எங்கள் லூயிஸ் தீவில் இரண்டு பேருக்குள் மூண்ட பகையைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துப் பந்தியில் உட்கார, மூப்பர் கையால் ஒரு சின்ன ஈய வில்லை வாங்க வேண்டும். தனக்குத் தகுதியில்லை என்று முப்பது வருடம் பின்வரிசையிலேயே இருந்துவிட்ட டோலினா, அந்த வருடம்தான் துணிந்து கேட்கப் போனாள். அறையில் மூன்று மூப்பர்கள். நடுவில் டார்மட்.

"ஞாயித்துக்கிழமை டிராக்டர் ஓட்டினியாமே?"

"ஆடு ஒண்ணு சேத்துல கழுத்து வரைக்கும் மாட்டிக்கிச்சு. கயிறு கட்டி இழுத்தேன்."

"ஓய்வுநாள்ல எஞ்சின் சத்தம்! ஊரே கேட்டுச்சு."

"குழியில விழுந்த ஆட்டை ஓய்வுநாள்ல தூக்க மாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டிருக்காரே, மூப்பரே."

"கையால தூக்கறதைச் சொன்னார். டிராக்டரைச் சொல்லல."

"காரைச் சொன்னாரா? நீங்க கோயிலுக்கு அதுலதானே வர்றீங்க?"

பக்கத்து மூப்பர் இருமலில் சிரிப்பை மறைத்தார். டார்மட்டின் காது சிவந்துவிட்டது.

"வசனத்துக்கு அர்த்தம் சொல்ல நாங்க இருக்கோம். அது உன் வேலை இல்ல. திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்தா என்ன?"

"பொறுத்திருந்தா தோல்தான் மிஞ்சியிருக்கும். அதுவும் உங்களுக்குத்தான். இடுப்புல நீலக் குறி."

பொது மேய்ச்சலில் ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் ஒரு நிறம். நீலம் டார்மட் வீட்டுடையது. சேற்றில் மாட்டியது தன் ஆடு என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"இப்ப சொல்லுங்க," என்றாள் டோலினா. "நான் செஞ்சது பாவம்னா அந்த ஆடு உங்க பட்டிக்கு ஆகாது. பாவம் இல்லன்னா வில்லையைக் குடுங்க."

வில்லை மேசைமேல், அவர் விரலுக்கடியில் இருந்தது. அதை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு மூடினார்.

"ஆட்டை நீயே வச்சுக்கோ."

டோலினா கடைசிவரை பந்தியில் உட்காரவில்லை. ஆடு மட்டும் கோயிலுக்குப் போகும் சாலையோரம், அவள் வேலிக்குள்ளே மேய்ந்தது. கம்பளி கத்தரித்ததும் குறி போய்விடும். அவள் ஒவ்வொரு வருடமும் நீலச் சாயம் வாங்கி அதே இடத்தில் பளிச்சென்று பூசுவாள், அது ஈன்ற குட்டிகளுக்கும் சேர்த்து. ஞாயிறுதோறும் டார்மட் கடல் பக்கமே பார்த்தபடி அந்த வேலியைக் கடந்து போனார்.

உங்கள் வீட்டுப் பந்திக்குப் பசியோடு வருகிறவரை யாரும் வாசலில் நிறுத்தாதிருக்கட்டும், என் செல்லங்களே. உங்கள் ஆடும் குட்டியும் பெருகட்டும்.