டாப்லி துரையின் ஆர்கன் நின்ற இடம்

1

இந்தக் கதை பிறந்தது செம்பூரில், ஒரு கல்யாணப் பந்தியில். 1964-இல் என் தம்பி பஞ்சாபகேசன் தேவாலயத்தில் தூங்கிப்போய் ஒரு வெள்ளைக்காரரின் பாட்டைக் கெடுத்தான் என்று எங்கள் அத்தை பெண் அம்மிணி இலை இலையாகச் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் கச்சேரியில் தூங்கியவர் கிடையாது. அதனால் எழுதுகிறேன். கதை எழுதிப் பழக்கமில்லை. ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருஷம் புகார்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "இங்கிலாந்தில் மழை ஓயாத ஓர் ஊரில் ஹியூபர்ட் டாப்லி..." (அடித்துவிட்டேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: டாப்லி துரை தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க பம்பாய் வந்தவர். மாதுங்காவில் எங்கள் மாடி வீட்டில் இருபது வருஷம் குடியிருந்தார். பலர் சேர்ந்து பாடும் பாட்டுகள் இருபத்திரண்டு எழுதினார். பாடும்போது ஜனங்கள் கடிகாரம் பார்த்தார்கள். அவர் பேசிய தமிழ் முழுவதும் மாடிப்படியில் என் மனைவி வாலாம்பாளிடம் கற்றது.*

* ஆகவே மாமி மாதிரிதான் பேசுவார். நான் பொறுப்பல்ல.

3

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் அவருக்குக் கப்பல், திரும்பி வரப்போவதில்லை. சாயங்காலம் சயான் தேவாலயத்தில் இருபத்து மூன்றாவது பாட்டு. இதையாவது ஒருவர் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை. காலையில் ஆர்கனுக்குக் காற்று தரும் மோட்டார் புகைந்துவிட்டது. பின்னால் நின்று யாராவது கையால் துருத்தி போட்டால்தான் சத்தம் வரும். படியிறங்கி வந்து கேட்டார். நம் குடும்பத்தில் துருத்தி போட்டவர் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சாபகேசன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

(அவன் போனது காற்று நிர்வாகத்துக்கு என்று எழுதியிருந்தேன். வாலாம்பாள் படித்துவிட்டுச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.)

4

பஞ்சாபகேசன் ஆர்கனின் தடுப்புக்குப் பின்னால் துருத்தியின் மரப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பாதிப் பாட்டில் நாலு குரல்கள் நாலு பக்கமிருந்து ஏறி வந்து ஓரிடத்தில் சேர்ந்தன. சபாவில் வருஷக்கணக்காக முன்வரிசையில் உட்கார்ந்த கை அது. பிடியை விட்டுவிட்டுத் தொடைக்குப் போய்த் தாளம் போட ஆரம்பித்தது. தலையும் ஆடியது. அம்மிணி தூக்கம் என்றது இதைத்தான். ஆர்கன், எருமை படுப்பதுபோல ஒரு நீண்ட மூச்சு விட்டு நின்றது.

பாடிய பன்னிரண்டு பேரும் நிறுத்தவில்லை. துணையில்லாமல் கடைசிவரை பாடினார்கள். ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை என்று...

(இதை நான் நேரில் பார்க்கவில்லை. வெட்டுகிறேன்.)

5

பாட்டு முடிந்ததும் டாப்லி துரை தடுப்புக்குப் பின்னால் வந்தார். முகத்தில் கோபம் என்று எழுதினேன். கண்ணீர் என்றும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன்.

"ஏண்டாப்பா நிறுத்தினே?"

"அந்த இடம் அப்படி அமைஞ்சுடுத்து சார். கை தானா தொடைக்குப் போயிடுத்து."

"எந்த இடம்? காட்டேன்."

அவர் நீட்டிய காகிதத்தில் இருந்த புள்ளிகள் பஞ்சாபகேசனுக்குப் புரியவில்லை. பாடிக் காட்டினான். (சுமாரான குரல்தான்.) துரை அந்த வரியைக் கண்டுபிடித்து, சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்தார்.

6

முடிவு ஒன்று: ஆர்கன் இங்கே நிற்கவேண்டும் என்று எழுதினார். முடிவு இரண்டு: அந்த வரியையே அடித்தார். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தம்பி வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காகிதம் கப்பலேறிவிட்டது.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தூங்கினான் என்று மட்டும் எழுதக் கூடாது. சீக்கிரம் ஆகட்டும், துரை பென்சிலை நாக்கில் நனைத்துவிட்டார், என் தம்பி கைகட்டி நிற்கிறான்.