கொதிகலன் சுவரில் சாய்த்த கோல்

கதிரவன் புகைபோக்கிகளின் பின்னே சரிய, ஆலையின் தகரக் கூரைகளெல்லாம் ஆறத் தொடங்கிய இரும்பெனச் செம்மை மங்கி நிற்க, எண்ணெய் படிந்த கைகளைத் துடைத்தவாறே தொழிலாளர் எறும்பொழுக்கென வாயிலைக் கடந்து வெளிப்படும் அந்தி வேளை அது. எதிரே, கீழே தேநீர்க்கடையும் மேலே கோலால் பந்தடிக்கும் ஆட்டக் கூடமுமாய் நின்றதொரு பழங்கட்டடத்தின் படிகளை, அறிவுசால் படிப்போரே, காலில் கல்லைக் கட்டியவன் போல ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். ஆலைக் கொதிகலனுக்குத் தீயூட்டுவது அவன் தொழில். மூன்று நாளாய் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேலே, பச்சைத்துணி போர்த்த மேசையருகே அவனுடைய அக்காள் கணவன், ஆலையில் இரும்பு கடையும் கடைசல்காரன், தன் வலக்கையை விரித்து அதையே பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தான். பற்சக்கரத்தில் சிக்கி நைந்து, ஆறு திங்கள் கட்டுக்குள் கிடந்து மீண்ட கை அது. மீண்டும் எந்திரத்தில் நின்ற பின்னும் நடுங்குமோ என்னும் ஐயம் விடாமையால், பந்தாட்டத்தையே அக்கைக்கு உரைகல்லாக வைத்திருந்தான். வெண்பந்து நினைத்தவாறு ஓடிய நாளெல்லாம் அவனுக்கு நல்ல நாள்.

கோலும் அவனே கடைந்தது. அடி பருத்து, நுனி மெலிந்து, எடையெல்லாம் பின்கைக்குச் சற்று முன்னே குவிந்து, தள்ளினால் விரல்களிடையே நீரென வழுக்கிச் செல்வது. மச்சானை ஒருமுறையேனும் வென்றுவிட வேண்டுமென்னும் ஆசையால் தீயூட்டுவோன் அதைக் கேளாமல் எடுத்துச்சென்று, கொதிகலனறைத் தரையில் பந்துருட்டிப் பழகி, மணியொலி கேட்டதும் வெந்து கிடந்த சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான். பலகையையும் முறுக்கிவிடும் சுவர் அது என்பதை அவனைவிட நன்கறிந்தார் எவருமிலர். மறுநாட்காலை ஒரு கண்ணை மூடிக் கோலை நோக்கினான். இடையில் மயிரிழை வளைவு. எவரிடமும் சொல்லாமல் கூடத்தில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அன்று மாலை தொடங்கி ஒவ்வோர் ஆட்டத்திலும், கோல் கைக்குள் உருள உருள வளைவு ஒருகால் இடப்புறமும் ஒருகால் வலப்புறமுமாய் நின்று, முனையானது பந்தின் நடுவை விட்டு விலகித் தொட்டது. மேசையின் மறுகோடியில் அம்மயிரிழை விரலகலமாயிற்று. ஒரே பக்கம் தவறியிருந்தால் கடைசல்காரன் கோலை ஐயுற்றிருப்பான். இருபுறமும் தவறவே, கையை ஐயுற்றான். மூன்றாம் நாளான இவ்வந்தியில் தீயூட்டுவோன் படியேறி வந்து அவனருகே நின்றான்.

"மச்சான், அந்தக் கோலு..."

"கோலுக்கென்ன மாப்ள? கைதான் போச்சு. உங்க அக்கா போடுற உப்பு மாதிரி, ஒரு நாள் அந்தப் பக்கம், ஒரு நாள் இந்தப் பக்கம்."

"கை போகல மச்சான். நான்தான் கேக்காம எடுத்துட்டுப் போயி பாய்லர் ரூம் சுவத்துல சாய்ச்சுட்டேன். வளைஞ்சிருச்சு. தெரிஞ்சும் சொல்லல."

கடைசல்காரன் கோலை மேசைமேல் உருட்டினான். நுனி எழுந்தும் தாழ்ந்தும் நொண்டியது. பிறகு சுவரிலிருந்த பொதுக்கோல் ஒன்றை எடுத்து, முனையில் சுண்ணம் தேய்த்து, குனிந்து அடித்தான். பந்து நேரே குழியில் விழுந்தது. மற்றொன்றும் அவ்வாறே.

"மத்தியானந்தான் மேஸ்திரிகிட்ட எழுதிக் குடுத்தேன்டா. கை சரியில்ல, தரை கூட்டுற வேலைக்கு மாத்துங்கன்னு. மிஷின வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

தீயூட்டுவோன் தலை கவிழ்ந்தது. "அடிங்க மச்சான். ரெண்டு போடுங்க."

"உன்ன அடிச்சா மிஷின் வருமா? நாளைக்கு இந்தக் கோலத் தூக்கிக்கிட்டு என்கூட வா. அவர் மேசையில நீயே உருட்டிக் காட்டு. நான் சொன்னா சப்பைக்கட்டும்பாரு."

மறுநாள் அவ்வாறே கோல் உருண்டது. மேஸ்திரி அதைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், "இடம் காலியானா சொல்றேன்" என்றார்.

இன்றளவும் காலியாகவில்லை. பிறர் கடைந்து உதிர்த்த இரும்புச் சுருள்களை நடுக்கமறியாக் கை ஒன்று நாள்தோறும் கூட்டித் தள்ளுகிறது. அத்துடைப்பவோசை கொதிகலனறை வாயிலைக் கடந்து செல்லும்போதெல்லாம், உள்ளே கரியள்ளிய மண்வாரி ஒரு நொடி நின்று, பின்னரே தீயை நோக்கிச் செல்கிறது.