கல்வராயன் மலையில் நடைபாதை இல்லை

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் உள்ள செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் எழிலரசன் தர ஆய்வாளர். ஏழாம் எண் செருப்பு ஏழாம் எண் காலுக்கு ஒரு நூல் பிசகினாலும், அந்த ஜோடியை மட்டுமன்று, அது இருந்த பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். "அளவு ஒத்து வராத செருப்ப மாட்டிக்கினு, அப்பறம் கால கொற சொல்லாத" என்பது அவர் தொழிலாளர்களுக்கு ஓதும் மந்திரம். அத்தகைய மனிதர், தம் உடம்புக்கு ஒரு மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்ததும் அளவு என்ற சொல்லையே மறந்துபோனார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆயினும் அதுதான் நடந்தது. மாட்டிப் பார்க்காமல் செருப்பு வாங்குகிறவன் இந்த ஊரில் ஒருவனும் இல்லை. வண்டியை மாத்திரம், அதன் விளக்கையும் உறுமலையும் கண்டு மயங்கி, தன் கால் தரையில் இருக்கிறதா அந்தரத்தில் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பாராமல் வாங்கி வருகிறார்கள். படித்தவர்களே அப்படி வாங்குவதுதான் பொறுக்க முடியாதது.

எழிலரசனின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கேட்பவர்களிடம் ஐந்தடி ஐந்து என்பார். மனைவி கமலவேணி அவரைவிட ஒரு சாண் உயரம். திருமணப் படத்தில் இருவரும் சமமாக நிற்பதற்குக் காரணம் அவர் காலடியில் இருந்த மணைப்பலகை. படம் எடுத்தவர் அதைப் பூந்தொட்டியால் மறைத்திருந்தார். கமலவேணியோ அதை மறைத்தவள் அல்லள். வீட்டுக்கு வரும் விருந்தினருக்கெல்லாம் காப்பி கொடுத்த கையோடு அந்தத் தொட்டியையும் சுட்டிக்காட்டுவாள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பாகூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவள். தந்தைக்குக் கால் முறிந்து கிடந்த ஓர் ஆண்டு முழுவதும், அவருடைய ராஜ்தூத் வண்டியில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக அவள்தான் ஊர் ஊராகப் போய்வந்தாள். இந்தச் செய்தியை எழிலரசன் நண்பர்களிடம் சொல்வதில்லை.

நண்பர்கள் என்றால் மலைப் பயணக் குழுவினர். மின்துறையில் பொறியாளரான அன்பழகன் அதன் தலைவர். ஆண்டுக்கு இருமுறை விடியற்காலையில் கடற்கரையில் கூடி, மோட்டார் சைக்கிள்களில் ஏதேனும் ஒரு மலைக்குப் போய், தார் காணாத பாதைகளில் குலுங்கிவிட்டுத் திரும்புவார்கள். 2006ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒருவர் ஓடைக்கு நடுவே கால் எட்டாமல் வண்டியோடு சாய்ந்தார். அதன்பின் குழுவில் ஒரு விதி வந்தது: புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் வண்டியில் அமர்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக் காட்ட வேண்டும், பதியாதவர் ஓட்டக் கூடாது. அந்த விதியை முன்மொழிந்தவர் எழிலரசன்தான். தர ஆய்வாளர் அல்லவா?

அடுத்த ஆண்டு கல்வராயன் மலை என்று முடிவாயிற்று. அதுவரை ஒருமுறைகூட உடன்வராத கமலவேணி அந்தத் தடவை வருவதாகச் சொன்னாள். மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் வீடு வெறிச்சென்றிருந்தது.

"வர்றேன். ஆனா ஒண்ணு. ஒக்காந்தா முதுகு நோவக் கூடாது. ஒங்க பழைய வண்டில நா வரமாட்டேன், அது மாவு மில்லு மாதிரி ஆட்டுது. நல்ல வண்டியா புடிங்க, வர்றேன்."

இருபது ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த அந்த 'வர்றேன்' என்ற ஒரு சொல்லைக் கேட்டபின் எழிலரசனுக்கு நிலைகொள்ளவில்லை. ஊரில் உள்ள விற்பனைக் கூடங்களில் எல்லாம் ஏறி இறங்கினார். ஒன்றின் பின்னிருக்கை சாய்ந்திருந்தது. ஒன்று குழியில் இறங்கினால் இடுப்பைக் கேட்டது. இறுதியில் துய்மா வீதியில் அவர் தேடியது அகப்பட்டது.

ழெரோம் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தார். மாதக் கடைசியில் தாய்நாடு திரும்பவிருந்ததால் தம் புல்லட்டை விற்க முனைந்தார். அது சாதாரண புல்லட் அன்று. கரடுமுரடான பாதைக்காகவும் நெடும் பயணத்துக்காகவும் தட்டாஞ்சாவடிப் பட்டறையிலேயே கொடுத்து மாற்றியமைத்த வண்டி. உயர்த்திய சாக் அப்சார்பர், அகன்ற ஹேண்டில்பார், பல் வைத்த டயர், இரு பக்கமும் தகரப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகுக்குச் சாய்மானம் வைத்த மெத்தென்ற பின்னிருக்கை. கமலவேணி அதில் ஏறி அமர்ந்து சாய்ந்து பார்த்தாள்.

"சோபா மாதிரி இருக்குதுங்க" என்றாள். எழிலரசன் அந்தக் கணமே மனத்தால் அவ்வண்டியை வாங்கிவிட்டார்.

ழெரோம் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கொஞ்ச தூரம்தான் பார்க்க வேண்டியிருந்தது. "மிசே, இது எனக்காகச் செய்த வண்டி. நான் ஒரு மீட்டர் தொண்ணூற்றாறு. நீங்கள்?" என்று, 'ஐயா'வை மட்டும் பிரெஞ்சில் வைத்துக்கொண்டு, பழகிய தமிழில் கேட்டார்.

"அத்த அடில சொன்னாத்தான் எங்களுக்குப் புரியும், மிசே" என்று எழிலரசன் பேச்சை முடித்துவிட்டார்.

நல்ல மனிதர் ழெரோம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் மாலைதோறும் எழிலரசன் பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளையர் பகுதித் தெருக்களில் வண்டியை ஓட்டினார். நேர்கோடு கிழித்தாற்போன்ற தெருக்கள்; இரு பக்கமும் உயர்த்திக் கட்டிய நடைபாதைகள். நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் வண்டி தானாகவே இடப்பக்க ஓரத்தை நாடும். அவருடைய இடக் கால் நடைபாதைமேல் வாகாகப் பதியும். வலக் கால் எங்கே இருந்தது என்று அவர் பார்த்தாரில்லை. ஒரு கால் பதிந்துவிட்டதால் மற்றக் காலும் பதிந்ததாகவே கொண்டார். ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு ஜோடிக்கு முத்திரை குத்தும் ஆளை அவர் தம் தொழிற்சாலையில் ஒரு நாளும் மன்னித்திருக்க மாட்டார்.

"நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுப்பா" என்று அன்பழகனிடம் தொலைபேசியில் சொன்னார்.

"பெரிய வண்டின்னாங்களே. கால் எட்டுதா?"

"யார்கிட்ட கேக்கற? விதி போட்டதே நாந்தான்."

வியாழக்கிழமை மாலை கமலவேணியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவள் பின்னால் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்து வந்தாள். வழியில் சுண்டல் வாங்க வேண்டும் என்றாள். சுண்டல் வண்டி தெருமுனையில் நின்றது. எழிலரசன் அதைக் கடந்து, அடுத்த தெருவில் திரும்பி, ஒரு வீட்டு மதிலோரம் போய் நின்றார். அவள் இறங்கி நடந்துபோய் வாங்கி வந்தாள். பிறகு பூ வாங்க வேண்டியிருந்தது. பூக்காரியையும் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது. மூன்றாம் முறை மருந்துக் கடை. அங்கே நடைபாதையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். எழிலரசன் கடையைச் சுற்றி இருமுறை வட்டமிட்டார்.

"ஏங்க, இன்னா கோயிலா இது, சுத்திக்கினே இருக்கீங்க?"

"எடம் பாக்கறேன்."

"அவ்ளோ எடம் கெடக்குது."

"நல்ல எடமா பாக்கறேன்."

கமலவேணி குனிந்து அவருடைய வலக் காலைப் பார்த்தாள். அது தரைக்குமேல் அரை அடி உயரத்தில் தொங்கி, காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மலைல ஒங்களுக்கு யாருங்க பிளாட்பாரம் கட்டி வெச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எழிலரசனுக்குச் சுருக்கென்றது. "பழகனா எட்டும்" என்றார்.

"காலு வளருமா, பழகனா?"

சனிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை; அன்று வடக்கெல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்துக்குப் போய், மணற்பாதையில் ஓட்டி நிரூபித்துக் காட்டுவதாகச் சபதம் செய்தார். ஞாயிறு விடிந்தால் பயணம். ழெரோமும் சனிக்கிழமை மாலைக்குள் விடை வேண்டும் என்றிருந்தார். வண்டி கைவிட்டுப் போனால் கமலவேணியின் 'வர்றேன்' என்ற சொல்லும் உடன் போய்விடும். அவள் வாக்குக் கொடுத்தது அந்தச் சாய்மானத்துக்குத்தான். தமக்கு அல்ல என்று எழிலரசனுக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை கமலவேணி பின்னால் அமர்ந்து வர, ஓடும்வரை வண்டி ஓடியது. மணலில்கூடக் குதிரைபோல் போயிற்று. படகுகள் கிடந்த இடத்தில் குறுக்கே ஒரு நாய் படுத்திருந்தது. எழிலரசன் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. வழக்கம்போல் இடக் கால் நடைபாதையைத் தேடியது. அங்கே நடைபாதை இல்லை. வங்காள விரிகுடாதான் இருந்தது. வண்டி மிக நிதானமாக, ஒரு பெரிய மனிதர் பாயில் சரிவதைப்போல, அவரையும் சேர்த்துக்கொண்டு மணலில் சாய்ந்தது. கமலவேணி எப்போது குதித்து இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. நாய் எழுந்திருக்கவே இல்லை.

படகு நிழலில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமி என்ற பெண் தலை நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா, வண்டிக்குத் தூக்கம் வந்துடுச்சா?"

"மணலு சறுக்குது" என்றார் எழிலரசன், படுத்தவாறே.

"மணலு அங்கியேதான் கீது. ஒன் காலுதான் வந்து சேரல." பிறகு கமலவேணியைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கு எட்டுமே. நீ ஏறேன்" என்றாள்.

மூவரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். கமலவேணி சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். இரண்டு பாதங்களும் குதிகால் உட்பட மணலில் பதிந்தன. முழங்கை சற்றே மடங்கியிருக்க, கைகள் ஹேண்டில்பாரை எட்டின. முதுகு வளையவில்லை. எழிலரசன் தம்மை அறியாமலே ஆய்வாளர் கண்ணால் அவளைப் பக்கவாட்டில் பார்த்தார். பின்புறம் போயும் பார்த்தார். எங்கும் ஒரு நூல் பிசகவில்லை.

"கியரு வலது கால்ல இருக்குதா?" என்று கேட்டாள் கமலவேணி. "எங்க ராஜ்தூத்துல இடது."

"பாத்து, பாத்து. கிளட்ச்சு—"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் படகு வரிசையின் கோடிவரை போய்த் திரும்பி, நாய்க்கு முன்னால் வந்து நின்றாள். நடைபாதையைத் தேடவில்லை.

திரும்பும் வழியில் எழிலரசனின் மனம் ஓயாமல் பேசியது. இருக்கையைச் சீவித் தாழ்த்தலாமா? சீவினால் பின்பக்கச் சாய்மானமும் போகும். தடித்த அடிவைத்து ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக்கொண்டால்? தொழிற்சாலையில் சொன்னால் மாலைக்குள் தைத்துக் கொடுப்பார்கள். ஆறு அங்குல அடி போதும். அந்தப் பூட்ஸை ஒரு கணம் கற்பனையில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெட்டியோடு திருப்பி அனுப்பத் தக்கதாக இருந்தது.

அவர் இவ்வளவையும் பின்னிருக்கையில் சாய்ந்தபடிதான் எண்ணிக்கொண்டு வந்தார். காலாப்பட்டு தாண்டிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. பின்னால் இருப்பவனுக்குக் கால் எட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ழெரோமின் வீட்டு வாயிலில் கமலவேணி வண்டியை நிறுத்தியதைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுக்காரர் வெளியே வந்தார். "அப்படியானால் வண்டி மதாமுக்கா?" என்றார்.

எழிலரசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா மிசே. மதாமுக்குத்தான்."

"இன்னாங்க சொல்றீங்க?" என்று கமலவேணி திரும்பினாள்.

"முதுகு நோவாத வண்டி புடிக்கச் சொன்னியே. புடிச்சாச்சி."

மறுநாள் கடற்கரையில் காந்தி சிலையருகே குழு கூடியது. அன்பழகன் வரிசையாக ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்து வந்தார். புல்லட்டின் முன் வந்ததும் முன்னிருக்கையில் இருந்த கமலவேணியைப் பார்த்தார்; பின்னிருக்கையில் தலைக்கவசத்தோடு அசையாமல் அமர்ந்திருந்த எழிலரசனைப் பார்த்தார்.

"எழிலு, எடம் மாறி ஒக்காந்துட்டியா?"

"கால பாருப்பா. மூஞ்சிய பாக்காத. விதி அதான்."

அன்பழகன் குனிந்தார். இரண்டு பாதங்களும் பதிந்திருந்தன. "தங்கச்சி, லைசென்ஸ்?"

"கியர் வண்டிக்கே இருக்குது அண்ணா. இவருக்கு முந்தி நா எடுத்தது."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். "பின்னாடி ஒக்காந்தா கையில கொடை வெச்சிக்கணும் எழிலு, வெயிலு ஏறும்" என்றார் ஒருவர். எழிலரசன் சிரித்தாரில்லை, இறங்கவுமில்லை. அவளுடைய ராஜ்தூத்தையும் பால் கேன்களையும் பற்றி அன்று முதன்முறையாக அவரே நண்பர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் வாயடைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கிண்டலுக்குப் புதிய சரக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும்வரை அவருக்குப் 'பால் கேன்' என்ற பெயர் நிலைத்தது.

கல்வராயன் மலையில் கூழாங்கல் பரவிய ஓர் ஓடையின் நடுவே முன்னால் போன வண்டி நின்றுவிட, கமலவேணியும் நிற்க வேண்டியதாயிற்று. எழிலரசனின் இடக் கால் பழக்க தோஷத்தால் வெளியே நீண்டு, நீருக்குமேல் நடைபாதையைத் துழாவியது.

"கால உள்ள வைங்க" என்றாள் கமலவேணி, திரும்பாமலே. "நா ஊனிக்கினுதான் இருக்கேன்."

அவர் காலை எடுத்து வைத்துக்கொண்டார்.

"முதுகு நோவுதா?"

எழிலரசன் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்து பார்த்தார். ஒரு தர ஆய்வாளர் பொய் சொல்லக் கூடாது.

"இல்ல" என்றார்.