ஒரே கல்லில் பல உளி

விடியுமுன்னே மயிலாடிச் சிற்பப் பட்டறையில் உளிச் சத்தம் தொடங்கிவிட்டது. வெயில் ஏறினால் கருங்கல் கையைச் சுட்டுவிடும். சுயம்பு துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கல்லில் ஒட்டிய எழுத்துத் தாளின்படி கடைசி அரபு எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தான். சிறையில் செத்துப்போன ஒரு கவிஞனுக்கு, நாடுவிட்டு ஓடிய அவன் தங்கை செய்யச் சொன்ன நினைவுக்கல் அது. 'பேரை அழித்தவனே, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பேர் வைக்கப்போகிறோம் தெரியுமா?' அண்ணன் எழுதிய வரியின் பொருளை அவளே போனில் சொல்லியிருந்தாள். கூட வேலை செய்யும், இங்கிலீஷ் தெரிந்த அனிஷ் அதைத் தமிழில் சொன்னான்.

முதலாளி தாணுலிங்கம் வந்தார். முகமே சரியில்லை.

"சுயம்பு, அந்த வரிய அரைச்சி அழிச்சிரு. அந்தக் கவிஞனுக்க நாட்டு சர்க்காருலேருந்து போன் வந்துது. இந்த வரியோட கல்லு வெளிய போச்சுன்னா அங்கேருந்து வார நமக்க தூண் ஆர்டர் ஒண்ணும் கிடையாதாம்."

"ஒரு வரி அப்படி என்னத்த செஞ்சுது மொதலாளி?"

"வெட்டுனவனுக்க பேரையும் கேக்கானுவ. உனக்க மவன் சஜின் அங்கதானே வேலைக்கு நிக்கியான்?"

சுயம்பு உளியைக் கீழே போட்டான். கிரைண்டரை எடுத்தான். எத்தனையோ சாமிக்குக் கண் திறந்த கை. வரி தூசியாகக் கிளம்பி அவன் புருவத்தில் படிந்தது. சே, இதுவும் ஒரு பிழைப்பா! அங்கே சிறைக்காரன் விட்டுவைத்த மிச்சத்தை இவன் இங்கே செய்து முடித்துவிட்டான். கூசிப்போய்க் குனிந்தே நின்றான்.

பாலீஷ் போடும் சொர்ணம்மாள் தண்ணீர்க் குழாயை அடைத்தாள்.

"அண்ணே, நீரு செஞ்சது கொள்ளாது, தப்பு. தனியா நின்னீரு, அதான் பயந்துட்டீரு."

ஒருவன் கை வைத்த கல்லில் இன்னொருவன் உளி படக்கூடாது. பட்டறை வழக்கம் அது, பட்டால் வெட்டுகுத்துதான். அனிஷ் கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"தொடட்டா, சுயம்பண்ணே?"

சுயம்பு தலையசைத்தான். எழுத்துத் தாளைத் திரும்ப ஒட்டி, அரைத்த பள்ளத்திலேயே அனிஷ் முதல் எழுத்தை வெட்டினான். அடுத்ததை இன்னொருவன். சொர்ணம்மாளும் ஒரு உளியை வாங்கிக்கொண்டாள்.

"பேரு கேட்டா எங்க எல்லாருக்க பேரையும் சொல்லும் மொதலாளி," என்றான் அனிஷ்.

"ஏலே, ஆர்டர் போனா கூலிக்கு எங்க போவிய?"

"நாளைக்கு சாமி சிலைய வெட்டாதேன்னு அவனுவ சொன்னா, அதயும் அழிப்பியளா?" என்றாள் சொர்ணம்மாள்.

 தாணுலிங்கத்தின் கையிலிருந்த போன் அடித்தது, அந்த நாட்டு நம்பர்தான்.

கடைசி எழுத்தை யாரும் தொடாமல் சுயம்புவுக்காக விட்டிருந்தார்கள். மகனை நினைத்துப் பயம் போகவில்லை, வெட்கமும் போகவில்லை. உளியை அந்த எழுத்தின்மேல் வைத்தான்.  அனிஷ் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி இன்னும் எடுக்கவில்லை.